நாற்பத்தொரு பூனை குறுக்கே போன நாள்

தை மாசம் மூணாம் நாள், விடிஞ்சு ஒரு நாழிகை இருக்கும். செம்மேட்டுப்பட்டின்னு மலை அடிவாரத்துல ஒரு ஊர். அங்க வீடு நாற்பத்தொண்ணு, வீட்டுக்கு ஒண்ணா பூனையும் நாற்பத்தொண்ணு. நாற்பத்தொண்ணாவது பூனைக்குப் பேர் மிளகி. வெள்ளை உடம்புல மிளகைச் சிந்தின மாதிரி புள்ளி. ஊர்க் கடைசில, மலைக்குப் போற சந்துக்குப் பக்கத்துல, பெருமாயின்னு ஒரு பொம்பளை தனியா இருந்தா. அவ வளர்த்த பூனை அது. பொங்கலன்னிக்குத்தான் மூணு குட்டி போட்டிருந்துச்சு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். தை மூணாம் நாள் நரி முகத்துல முழிச்சா வருஷம் பூரா நல்லது நடக்கும்னு நம்பிக்கை. அதனால ஆம்பளைங்க வலையைத் தூக்கிட்டு மலைக்குப் போவாங்க, ஒரு நரியைப் பிடிப்பாங்க, வீட்டுக்கு வீடு கொண்டு வந்து முகத்தைக் காட்டுவாங்க, அப்புறம் விட்டுடுவாங்க. நரிக்கு அதுல என்ன நல்லதுன்னு யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் வலையோட கிளம்பறாங்க, பார்த்தா, சந்துல எதிர்ல ஒரு நரி நிக்குது. ஒரு காது கிழிஞ்ச கிழ நரி. ஓடலை, பம்மலை. நேரா வந்து நாட்டாமை அங்கமுத்து முன்னாடி உக்காந்துச்சு. உக்காந்துட்டுப் பேசுச்சு. நரி பேசுமான்னு நடுவுல கேக்காதீங்க. பேசுச்சு, அவ்வளவுதான்.

"ஏன் நாட்டாமை, வருஷா வருஷம் மலை ஏறி முட்டி தேயணுமா? நானே வந்துட்டேன், நல்லாப் பாத்துக்குங்க."

எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"ஒரு நாள் பாத்தா ஒரு வருஷம் நல்லது. தினமும் பாத்தா எவ்வளவு நல்லதுன்னு யோசிச்சீங்களா?"ன்னுச்சு நரி.

நாட்டாமையோட மச்சான் காத்தவராயன் யோசிச்சான். யோசிச்சு முடியாம வாயைப் பொளந்துட்டு நின்னான்.

"தினமும் வருவீங்களா நரியாரே? அதுக்கு நாங்க என்ன செய்யணுங்க?"ன்னார் நாட்டாமை.

"ஒண்ணும் வேண்டாம். வெறும் முகந்தானே. காட்டினாத் தேஞ்சா போயிடும்?"

அன்னிலேருந்து தினமும் விடியக்காலைல நரி வந்துச்சு. ஒவ்வொரு வாசல்லயும் நின்னுச்சு, முகத்தைக் காட்டுச்சு, போச்சு. ஊரே நரி முகத்துல முழிச்சுது.

மூணு நாள் ஆச்சு. நரி சொன்னுச்சு: "உங்க நாய்ங்க கத்தற கத்துல என் முகம் சுருங்குது. சுருங்கின முகத்தைப் பாத்தா உங்களுக்குப் பாதி நல்லதுதான் கிடைக்கும்." நாயை எல்லாம் கொட்டாய்ல கட்டிப் போட்டாங்க.

இன்னும் மூணு நாள் ஆச்சு. "கோழிக்கூண்டை மூடி வெக்கறீங்களே, யாருக்குப் பயந்து? எனக்கா? சந்தேகப்படற வீட்டுல நான் எப்படி முகம் காட்டுவேன்?"ன்னுச்சு. நாட்டாமைக்கு வெக்கமாப் போச்சு. கூண்டை எல்லாம் திறந்து விட்டாங்க.

இன்னும் மூணு நாள் ஆகறதுக்குள்ள பதினாறு கோழி காணாமப் போச்சு. என்னான்னு கேட்டா, நரி வாயைத் திறந்து காட்டுச்சு. ஒரு இறகு இல்லை. வர்ற வழியில ஓடையில கழுவிட்டு வந்திருந்துச்சு.

"நான் வேற சொல்லணுமா?"ன்னுச்சு. "உங்க வீட்டுப் பூனைங்களைக் கேளுங்க. ராத்திரி கோழி தின்னுது, பகல்ல நீங்க எங்க கிளம்பினாலும் குறுக்கே போகுது. நான் கொண்டு வர்ற நல்லதை எல்லாம் பூனை அறுத்துப் போட்டுடுது. பூனை குறுக்கே போன காரியம் உருப்படாது. அது சின்ன ஊர்வலமா இருந்தாலும் சரி, பெரிய யாத்திரையா இருந்தாலும் சரி. எழுதி வெச்சுக்குங்க."

எழுதி வெக்கத் தெரிஞ்சவங்க அந்த ஊர்ல யாரும் இல்லை. ஆனா எல்லாரும் மனசுல வெச்சுக்கிட்டாங்க. கூரை மேல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த மிளகியும் வெச்சுக்கிச்சு.

"பூனையை என்னங்க பண்றது?"

"சாக்குல கட்டுங்க. மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டுடுங்க. தை பதினஞ்சாம் நாள் நல்ல நாள். வழி நானே காட்டறேன்."

அன்னிக்கு மத்தியானம் சோளக்காட்டு வரப்புல மிளகியும் நரியும் எதிரெதிரா வந்தாங்க. ஒருத்தருக்கும் வழி விட இடமில்லை.

"என்ன மிளகி, குட்டிங்க கண்ணு திறந்தாச்சா?"ன்னுச்சு நரி.

"திறந்தாச்சு மாமா. முதல் முதல்ல உங்க முகத்துலதான் முழிச்சுதுங்க. இன்னும் நல்லது ஒண்ணும் நடக்கலை."

நரி சிரிச்சுது. "நடக்கும். மலைக்கு அந்தப் பக்கம் என் சொந்தக்காரங்க பதினோரு பேர் இருக்காங்க. உங்களை எல்லாம் பாக்கணும்னு ஆசையாக் காத்திருக்காங்க."

"பாக்கறதுக்கு மட்டுமா?"

"விருந்துன்னா சாப்பாடு இல்லாமலா?"ன்னுட்டு, மிளகியைத் தாண்டிக் குதிச்சுப் போயிடுச்சு.

மிளகி வீட்டுக்கு ஓடுச்சு. பெரிய பூனைன்னா மரம் ஏறித் தப்பிக்கலாம். நடக்கத் தெரியாத மூணு குட்டி என்ன பண்ணும்? ஒவ்வொரு குட்டியா கவ்விக்கிட்டுப் போய் பெருமாயி வீட்டு வைக்கோல்போருக்குள்ள ஒளிச்சு வெச்சுது. அப்புறம் கூரை மேலயே நாற்பது வீட்டுக்கும் போச்சு. நாட்டாமை வீட்டுல கரியன்னு ஒரு கிழட்டுக் கடுவன், ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்து போனது, அது கேட்டுச்சு.

"உன் குட்டிக்காக நான் எதுக்குடி வெயில்ல அலையணும்?"

"என் குட்டி போற சாக்குலதானே தாத்தா நீயும் போகணும்?"

கரியன் காதை நீட்டிக்கிட்டுக் கிட்ட வந்துச்சு. மிளகி எல்லாருக்கும் மூணே மூணு பேச்சு சொன்னுச்சு. ஓடக் கூடாது. கத்தக் கூடாது. யாரையும் திரும்பிப் பாக்கக் கூடாது. அப்படி ஒருத்தர் ஒரு தடவை குறுக்கே போனாப் போதும்.

பதினஞ்சாம் நாள் விடிஞ்சுது. நாற்பத்தொரு வீட்டுலயும் சாக்கோட நிக்கறாங்க, ஒரு வீட்டுலயும் பூனை இல்லை. அடுப்படில இல்லை, பரண்ல இல்லை, குதிருக்குப் பின்னால இல்லை. நரி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிச்சுது. நேரா வைக்கோல்போருக்குப் போய் முன்னங்காலால பறிச்சுது. மூணு குட்டியும் வெளிய வந்து விழுந்துச்சுங்க.

"இதோட ஆரம்பிங்க. குட்டி போனா தாய் பின்னாலயே வரும். அது வந்தா மத்ததும் வரும்"ன்னுச்சு.

காத்தவராயன் குட்டிங்களைச் சாக்குல போட்டு வாயைக் கட்டினான். பெருமாயி ஓடி வந்து சாக்கைப் பிடிச்சுக்கிட்டா.

"அண்ணா, இது கண்ணு திறந்து அஞ்சு நாள் ஆகலை. இதுவா கோழி தின்னுச்சு? பூனை எல்லாம் போச்சுன்னா நாளைக்கு எலி வந்து குதிர்ல இருக்கற சோளத்தைக் காலி பண்ணும். அப்ப நரி வந்து எலி பிடிக்குமா?"

"ஊர் கூடி எடுத்த முடிவு, பெருமாயி. கையை விடு"ன்னார் நாட்டாமை.

அவ கையை விடலை. நாலு பேர் வந்து விரலைப் பிரிச்சு எடுத்தாங்க.

நரி முன்னால, நாட்டாமை பின்னால, சாக்கோட காத்தவராயன், அப்புறம் ஊர் ஆம்பளைங்க. மலைக்குப் போறதுக்கு அந்த ஒரே சந்துதான், ரெண்டு பக்கமும் கள்ளி வேலி. நாட்டாமை வலது காலை எடுத்து சந்துல வெச்சார். இடது பக்க வேலிக்குள்ளேருந்து மிளகி வந்துச்சு. சாக்குக்குள்ள குட்டிங்க கத்துது. அது காதுல விழாத மாதிரி, யாரையும் பாக்காம, மெதுவா நடந்து, வலது பக்க வேலிக்குள்ள போயிடுச்சு.

எல்லாரும் நின்னுட்டாங்க. பூனை குறுக்கே போனா என்ன பண்ணணும்? திரும்பி வீட்டுக்கு வரணும், உக்காரணும், ஒரு மடக்குத் தண்ணி குடிக்கணும், அப்புறம் கிளம்பணும். ஆயிரம் அவசரம் இருந்தாலும் அதை மாத்த மாட்டாங்க. வந்தாங்க, உக்காந்தாங்க, குடிச்சாங்க, கிளம்பினாங்க. வலது காலை வெச்சாங்க. இன்னொரு பூனை வந்துச்சு. இடது வேலி, வலது வேலி.

வந்தாங்க, உக்காந்தாங்க, குடிச்சாங்க, கிளம்பினாங்க. மூணாவது பூனை.

"ஒரே பூனையா இருக்கும். சுத்திச் சுத்தி வருது"ன்னான் காத்தவராயன்.

"இது செவலை மாமா, மூணாவது வீட்டுது. முதல்ல போனது புள்ளி"ன்னா ஒரு பொண்ணு.

பத்தாவது பூனைக்கு அப்புறம் நரி சொன்னுச்சு: "பரவாயில்லை நாட்டாமை, காலை எட்டி வெச்சுப் போயிடலாம்."

"அதெப்படிங்க?"ன்னார் நாட்டாமை. "உருப்படாதுன்னு சொன்னதே நீங்கதானே."

நரியும் அவங்க பின்னாலயே திரும்பி வந்துச்சு.

இருபது ஆச்சு. பொம்பளைங்க ரெண்டு குடம் தண்ணி தீந்து போய் மூணாவது குடம் எடுத்துட்டு வந்தாங்க. நாட்டாமை வயிறு முட்டிப் போய் வேட்டியைத் தளர்த்திக் கட்டினார். முதல்ல சிரிச்சவங்க சிரிப்பை நிறுத்திட்டாங்க. முணுமுணுத்தவங்க முணுமுணுக்கறதை நிறுத்திட்டாங்க. முப்பது ஆனப்ப ஊரே சந்து வாசல்ல நிக்குது, ஒரு சத்தம் இல்லை. கறுப்பு வருது, சாம்பல் வருது, வரிப்பூனை வருது. ஒண்ணு உள்ள போன அப்புறந்தான் அடுத்தது. ஓடலை, கத்தலை, யாரையும் பாக்கலை. அத்தனை வருஷமா காலுக்கடியில கிடந்த பூனைங்க. பாலுக்குக் கத்தினா எட்டி உதைச்ச பூனைங்க. இப்படி ஒரு நடை அதுங்களுக்கு உண்டுன்னு அந்த ஊருக்குத் தெரியாது. சில பேர் தன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க.

நாற்பத்தொண்ணாவதா கரியன் வந்துச்சு. கண்ணு தெரியாததால ஒவ்வொரு காலாத் தடவித் தடவி வெச்சுது. நட்ட நடுவுல வந்து உக்காந்து, காதைச் சொறிஞ்சுது. நாட்டாமை பொண்டாட்டி மெதுவாச் சொன்னா: "நம்ம வீட்டுதுங்க அது." அது எழுந்து வேலிக்குள்ள போற வரைக்கும் ஊரே காத்திருந்துச்சு.

சூரியன் உச்சிக்கு வந்துடுச்சு. "முடிஞ்சுது, இனிப் பூனை இல்லை, கிளம்புங்க"ன்னுச்சு நரி.

அப்பத்தான் சந்துக்கு அந்தக் கோடியில பதினோரு நரி வந்துச்சு. விடியக்காலைலேருந்து சாப்பிடாமக் காத்திருந்து, பசி தாங்காம இறங்கி வந்திருந்துச்சுங்க.

"பதினோரு முகம், மாமா"ன்னு நாட்டாமைகிட்டச் சொல்லிட்டு காத்தவராயன் கையெடுத்துக் கும்பிடப் போனான்.

முன்னால வந்த நரிக்கு ஆளுங்களைப் பாத்தும் புத்தி வரலை. பசி. "பெரியவரே, நாற்பத்தொரு பூனை கொண்டு வர்றேன்னீர். உச்சி வெயில் ஆச்சு, ஒண்ணையும் காணோம். பதினாறு கோழி எந்த மூலைக்கு? அதையும் பாதி நீரே தின்னுட்டீர்"ன்னுச்சு.

ஊர் அப்படியே நின்னுச்சு. கும்பிடப் போன காத்தவராயன் கை பாதியில நின்னுச்சு. பெருமாயி ஒருத்திதான் நகர்ந்தா. கொட்டாய்க்குப் போய் நாய்ங்களை அவுத்து விட்டா.

பதினோரு நரியும் வந்த வழியே பறந்துச்சுங்க, நாய்ங்க அதுங்களைத் துரத்திட்டே மலைக்கு ஓடுச்சு. கிழ நரி காத்தவராயன் கையிலேருந்த சாக்கைப் பிடுங்கிக் கவ்விக்கிட்டு சந்துக்குள்ள ஓடுச்சு. நாலு எட்டு ஓடியிருக்கும். வேலிக்குள்ளேருந்து பூனைங்க வந்துச்சு. ஒண்ணொண்ணா இல்லை, இந்தத் தடவை எல்லாமா வந்துச்சு. வந்து சந்தை மறிச்சு வரிசை வரிசையா உக்காந்துச்சு. சீறலை. முடி கூடச் சிலிர்க்கலை. நாற்பத்தொரு ஜோடிக் கண்ணு நரியைப் பாத்துச்சு. அதுவரைக்கும் யாரையும் பாக்காத கண்ணு. கரியனோட கண்ணும்.

நரி நின்னுச்சு. சாக்கைக் கீழ வெச்சுது. "வழி விடு மிளகி."

"குறுக்கேதான் இருக்கோம் மாமா. போறதுன்னாப் போங்க."

தான் சொன்னதைத் தானே நம்பிப் போச்சா, இல்லை அத்தனை கண்ணைப் பாத்துப் பயந்துச்சா, யாருக்குத் தெரியும்? நரியால ஒரு அடி எடுத்து வெக்க முடியலை. வாலைக் காலுக்குள்ள விட்டுட்டு நின்னுச்சு. பின்னாலேருந்து ஊர் ஆளுங்க வீசின நரி வலை வந்து விழுந்துச்சு.

பெருமாயி சாக்கை அவுத்துக் குட்டிங்களை எடுத்தா. மூணும் உயிரோட இருந்துச்சு. அதே சாக்குல நரியைப் போட்டுக் கட்டினாங்க. மூணு மலை தாண்டிக் கொண்டு போய் விடறதுன்னு முடிவாச்சு. சாக்கைத் தோள்ல ஏத்திட்டு சந்து வாசல்ல வந்து நின்னாங்க. ஒருத்தரும் காலை எடுத்து வெக்கலை. எல்லாரும் மிளகியைப் பாத்தாங்க.

மிளகி வாயில ஒரு குட்டி. அது வீடு சந்துக்கு அந்தப் பக்கம், போகணும்னா குறுக்கேதான் போகணும். அது குட்டியைக் கீழ வெச்சுது. உக்காந்துச்சு. கடைசி ஆள் கடந்து போற வரைக்கும் உக்காந்தே இருந்துச்சு.

அடுத்தவங்க வழியை அடைக்கச் சொன்ன பேச்சு, சொன்ன நரியோட வழியையே அடைச்சுது. கதையில இருக்கறது இவ்வளவுதான், மிச்சத்தைத் தூக்கத்துல பாத்துக்குங்க.

அடுத்த வருஷம் தை மாசம் மூணாம் நாள் செம்மேட்டுப்பட்டில யாரும் மலைக்குப் போகலை. அந்த வருஷமும் சோளம் எப்பவும் விளையற அளவுக்கு விளைஞ்சுது.