தும்மலுக்கு நூறு

குளக்கரை வேங்கை மரத்தின் உச்சியில் ஒரு மந்தி இருந்தது. புலி தலையைக் காட்டினால் போதும், காடே அதிரக் குரல் கொடுக்கும். அந்தக் குரலை நம்பித்தான் கீழே மான்கள் தலை குனிந்து மேய்ந்தன.

அந்த மழைக்காலத்தில் குளத்தைச் சுற்றிப் பார்த்தீனியச் செடி மண்டியது. வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. மந்திக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

"அச்!"

"நூறு!" என்று வாழ்த்தியது புள்ளிமான்.

"அச்! அச்!"

"இருநூறு! முந்நூறு! அக்கா, என் பேரப்பிள்ளைகளுக்கும் நீங்கதான் காவல்!"

வாழ்த்துவதற்குக் காசா பணமா? எல்லா விலங்குகளும் வாழ்த்திவிட்டுச் சிரித்தன. மந்திக்குத்தான் சிரிக்க மூச்சில்லை.

அது தலைவர் காட்டெருமையிடம் போனது. "அந்தப் பூ பூத்ததிலிருந்து நெஞ்சை அடைக்குது, தலைவரே. செடியைப் பிடுங்கணும்!"

"புலி இருக்கு, காட்டுத்தீ இருக்கு, தண்ணிப் பஞ்சம் இருக்கு. இதுல தும்மலுக்கு வேற நேரமா? அதெல்லாம் மிருகக்காட்சிச் சாலையில சொகுசா வளர்றவங்க வியாதி!" என்றது காட்டெருமை.

மறுவாரமே புலி வந்தது. புள்ளிமானின் குட்டி குளத்தோரம் தனியாக நின்றது. மந்தி பார்த்துவிட்டது. வாயைத் திறந்தது. குரல் வரவில்லை, விசில் மாதிரி மூச்சுத்தான் வந்தது.

சட்டென்று ஒரு காய்ந்த கிளையை ஒடித்துக் குட்டியின் முன்னால் எறிந்தது. குட்டி துள்ளி ஓடியது. புலியின் நகம் அதன் வாலை மட்டும் கீறியது. இரை தப்பியதும் புலி புதருக்குள் போய் மறைந்தது.

ஓடி வந்த தாய்மான் அண்ணாந்து பார்த்தது. மந்தி மரத்தைக் கட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

"முந்நூறு வயசு வாழ்த்தினேனே, அக்கா! இன்னைக்கு ஒரு நாளைக்கே உங்களுக்கு மூச்சு இல்லையே!" என்று அழுதது மான்.

காட்டெருமைக்கு வெட்கமாகப் போயிற்று. "தப்பு என்னோடதுதான். வேற யாருக்கெல்லாம் இப்படி இருக்கு? பயப்படாமச் சொல்லுங்க!" என்று கேட்டது.

பதினோரு விலங்குகள் முன்காலைத் தூக்கின. கேலிக்குப் பயந்து அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவை அவை.

அந்தப் பதினொன்றும் மந்தியும் அந்தப் பூ இல்லாத மலைச்சரிவுக்குப் போய்த் தங்கின. மற்றவை செடியை வேரோடு தோண்டி எடுத்தன. அது மறுபடி முளைக்காதபடி யானை அங்கே அடர்ந்து வளரும் தகரைச் செடியின் விதையைத் தூவியது.

அடுத்த மழைக்காலத்தில் மந்தியின் குரல் பழையபடி காட்டை அதிர வைத்தது. ஒருநாள் மட்டும் ஒரே ஒரு தும்மல்.

"நூறு!" என்றது மான்குட்டி.

"நூறு இருக்கட்டும்! எங்கே பூத்திருக்குன்னு பார்ப்போம், வாங்க!" என்று எழுந்து நடந்தது காட்டெருமை.

தும்முகிறவரை நூறு வயது வாழ்த்தினால் மட்டும் போதாது. அந்தத் தும்மல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போக வேண்டும்.