சர்க்கரை ஏறிய சுவர்

பூவரசம்பட்டிக்காரர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கெட்டுப்போவதற்கு முதலில் அது இருக்க வேண்டுமே.

அந்த ஊர்த் தையல்காரர் ஆவுடையப்பனுக்கு வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிற்று. மிஷினை மிதித்தால் உயிர் போய் உயிர் வந்தது. திருவிழா நெருங்கிவிட்டது, தேர்ச்சீலையோ பாதியில் நிற்கிறது. சீலை கட்டாத தேரில் சாமி எப்படி வெளியே வரும் என்ற கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டியின் தம்பிகள் சங்கிலியும் உலகநாதனும் அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

“சர்க்கரை இருக்கா?” என்று கேட்டார் டாக்டர்.

“நிறைய இருக்கு” என்றார் ஆவுடையப்பன். ரேஷனில் அப்போதுதான் போட்டிருந்தார்கள்.

டாக்டர் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். “வலி மெதுவாக் குறையும். இந்தக் காலுக்கு ரெண்டு நாள் ஓய்வு குடுங்க. சர்க்கரை ஏறும், பார்த்துக்குங்க.”

வீட்டில் ஆலோசனை நடந்தது.

“ஓய்வு வலது காலுக்குத்தான். இடது காலைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலை” என்றான் உலகநாதன்.

“ஆமா. அதையும் படுக்கப் போட்டா சோம்பேறியாயிரும்” என்றான் சங்கிலி.

ஆகவே வலது கால் மட்டும் கட்டிலில், தலையணை வைத்து, போர்வை போர்த்திப் படுத்திருந்தது. மீதி ஆவுடையப்பன் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்றார். உலகநாதன் அந்தக் காலுக்கு மட்டும் விசிறினான். சொந்தக் கால்மேலேயே அவருக்குப் பொறாமை வந்தது.

சங்கிலி அடுப்படியில் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தான். சாயங்காலம் எறும்புகள் வரிசையாக வந்து சர்க்கரையைத் தூக்கின.

“அத்தான், ஏறுது. சுவர்ல பாதி தூரம் வந்திருச்சு.”

“ஊசி போட்டது இடுப்புல. அடுப்படியில நடக்கப்போறது டாக்டருக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?” ஆவுடையப்பன் மெய்சிலிர்த்தார்.

“தடுக்கட்டுமா?”

“பார்த்துக்கத்தான் சொன்னாரு. தடுக்கச் சொல்லலையே.”

டப்பா காலியாகும்வரை பார்த்துக்கொண்டார்கள்.

வலி நிஜமாகவே குறைந்தது. ஆவுடையப்பன் பாட்டுப் பாடிக்கொண்டே மிஷினை மிதித்துச் சீலையை முடித்தார். தேர் ஜம்மென்று ஓடியது. சந்தோஷத்தில் மச்சினன்களோடு டாக்டருக்கு வாழைத்தார் கொண்டுபோனார்.

“இது நிரந்தரமில்லை. சில மாசத்துல வலி திரும்பி வரலாம்” என்றார் டாக்டர்.

மூவரும் பஸ் ஏறினார்கள். உலகநாதனுக்குத்தான் முதலில் உறைத்தது. “அதுக்கு நம்ம வீடு தெரியுமே.”

அன்றைக்கே ஆவுடையப்பன் மிஷினோடு ஆட்டுக்கொட்டகைக்குக் குடிபெயர்ந்தார். சங்கிலி வீடு வீடாகப் போய்ச் சொன்னான்: “வலி வந்து விசாரிச்சா, எங்க அத்தான் ஆட்டுக்கொட்டகையில இல்லைன்னு சொல்லிருங்க.”

இருந்தாலும் ஊர்க்காரர்களை நம்ப முடியுமா? வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆவுடையப்பன் மிஷினை நிறுத்திவிட்டு, ஆடுகளுக்கு நடுவிலிருந்து குரல் கொடுப்பார்:

“யாரது, வலியா? நான் வெளியூர் போயிருக்கேன்.”