பலாப்பழப் பிரிவின் முதலிடம்

பாறைப் பிளவுக்குள் குட்டிகள் ஒண்டிக் கிடந்தன. வெளியே தாய்மார்கள் தவித்துக்கொண்டு நின்றார்கள். கோடையில் குளம் வற்றிவிட்டது. ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர அரை நாள் ஆகும். குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. மூன்று நாளாக ஒரு நரி வேறு அங்கேயே மோப்பம் பிடித்துத் திரிந்தது.

பிளவின் வாய் மிகவும் குறுகல். உள்ளே ஒரே ஒருவர்தான் காவல் நிற்க முடியும்.

"முள்ளி அக்கா, சீக்கிரம் சொல்லுங்க! யாரை நிறுத்தறது?" என்று தாய்முயல் கெஞ்சினாள்.

முள்ளி ஒரு முள்ளம்பன்றி. அந்தக் காட்டுக் குத்துச்சண்டைக்கு அவள்தான் நடுவர். யார் முதலிடம், யார் கடைசி என்று மரப்பட்டையில் தன் முள்ளாலேயே கீறி வைப்பாள். அவளே காவல் நின்றிருப்பாள். ஆனால் அவள் பருமனுக்கு அந்தப் பிளவு இடம் தராது.

முன்பெல்லாம் அங்கே நகத்தோடுதான் சண்டை. கண்ணை இழந்தவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. அதன்பிறகுதான் இலவம்பஞ்சை இலையில் பொதிந்து கையில் கட்டிக்கொண்டு மோத ஆரம்பித்தார்கள். எடைப் பிரிவுகளும் வந்தன. தராசின் ஒரு தட்டில் பலாப்பழம், மறு தட்டில் வீரர். பழத்தைவிடக் கனமாக இருந்தால் பலாப்பழப் பிரிவில் இடமில்லை. வருஷத்துக்கு ஒரு புதுப் பழம்; போட்டிகள் முடிந்ததும் அது நடுவருக்குக் கூலி.

வரியன் என்ற காட்டுப்பூனை மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "பதினாலு சண்டை, பதினாலும் ஜெயம்! இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பலாப்பழப் பிரிவின் பட்டையும் அதையேதான் சொன்னது. செவலை என்ற கீரிக்குப் பதினொரு வெற்றி, ஏழு தோல்வி. இடம் ஐந்து. அவன் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

பிளவுக்குள் இருந்த குட்டிகளில் இரண்டு முள்ளியுடையவை. நரி கையில் பஞ்சு கட்டிக்கொண்டா வரும்?

அவள் பட்டையை மறுபடி பார்த்தாள். முதல் மூன்று வருஷம் செவலை தோற்றதே இல்லை. பிறகு ஏன் தோற்றான்? அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. முதல் வருஷத்துப் பழத்தை அவள் இரண்டே நாளில் தின்று தீர்த்தாள். போன வருஷத்துப் பழம் ஆறு நாள் வந்ததே!

"ஐயோ, தப்பு என்மேலதான்!" என்று கத்தினாள். "பழம் பறிக்கிற மந்திகிட்ட வருஷா வருஷம், 'நல்ல பெரிய பழமாப் பார்த்துப் பறி'ன்னு சொன்னேன். பழம் பெருத்தது, பிரிவும் பெருத்தது. என் நாக்கு ருசிக்காக செவலையை ரெண்டு மடங்கு கனமானவங்களோட மோத விட்டிருக்கேன்!"

வரியன் சீறினான். "என்கிட்டயே ரெண்டு தடவை தோத்தவன் அவன்!"

"ரெண்டு தடவையும் கடைசிவரைக்கும் கீழே விழலையே! நீ சொல்லு, உன்னைவிடக் கனமான ஒருத்தனோட ஒரு தடவையாவது மோதியிருக்கியா?"

அந்த நேரம் புதருக்குப் பின்னால் நரி ஊளையிட்டது. வரியனின் வால் சட்டென்று கால்களுக்கு இடையில் போனது.

"செவலை, உள்ளே போ!" என்றாள் முள்ளி.

தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். ஐந்தாம் இடத்துக்காரனை நம்பியா குட்டிகளை விடுவது? ஆனால் நாவறட்சி பொறுக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள்.

திரும்பும்போது அவள்தான் முதலில் ஓடி வந்தாள். பிளவின் வாயில் ரத்தம். உள்ளே சத்தமே இல்லை.

"அம்மா!" என்று இரண்டு சின்ன மூக்குகள் வெளியே எட்டிப் பார்த்தன. அவற்றுக்கு முன்னால், கிழிந்த காதோடு செவலை நின்றுகொண்டிருந்தான்.

"நரி எங்கேடா?"

"மூக்கு கிழிஞ்சு ஓடிட்டான், அக்கா."

"உன்னைவிட எத்தனை மடங்கு பெரியவன்! எப்படிடா சமாளிச்சே?"

"பழகின வேலைதானே, அக்கா! இத்தனை வருஷமா அப்படிப்பட்டவங்களைத்தானே என் எதிர்ல நிறுத்தினீங்க!"

முள்ளி வெட்கத்தோடு தலையைக் குனிந்தாள். பழைய பட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் பட்டையில் செவலையின் பெயரை முதலில் கீறினாள். ஒவ்வொரு வெற்றி தோல்விக்குப் பக்கத்திலும் எதிராளியின் எடையையும் எழுதினாள். அடுத்த வருஷம் தராசில் பழத்துக்குப் பதிலாக எடை மாறாத ஒரு கல்லை வைத்தாள்.

ஒருவர் எத்தனை முறை வென்றார் என்று மட்டும் பார்த்து அவரை எடைபோடாமல், யாரை எதிர்த்து நின்றார் என்பதையும் பார்க்க வேண்டும்.