மீதி ஒன்று

அன்று காலை குழுவில் இருந்தவர்கள் ஆறு பேர். கொல்லிமலை அடிவாரத்தில் சிறிய மடம் ஒன்றை நடத்தும் நாச்சியார். அரக்கோணத்தில் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தணிகாசலம். நாகர்கோவிலில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் பூதலிங்கம். முத்துப்பேட்டையில் பாலர் பள்ளி நடத்தும் ஹமீதா. ஓசூரில் வாடகைக் கார் ஓட்டும் செல்வின். சீர்காழியில் தனியாக வசிக்கும் தையல்நாயகி.

நாச்சியார் குரு. மற்ற ஐவரும் அவருடைய மடத்தில் தமிழும் தியானமும் கற்றுவிட்டு ஊர் திரும்பியவர்கள். செல்வினைத் தவிர எல்லாரும் குருவைவிட வயதில் மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மா என்றார்கள். அவர் அவர்களை அய்யா என்றும் அக்கா என்றும் அழைத்தார்.

தினமும் காலை ஆறு மணிக்கு அவர்கள் போனில் கூடினார்கள். அவரவர் ஊர்ச் செய்தியை எழுதுவார்கள். யார் எழுதியதில் பிழை இருந்தாலும் இன்னொருவர் திருத்தலாம். திருத்தப்பட்டவர் ‘கொண்டேன்’ என்று பதில் எழுத வேண்டும். அவர் அதை எழுதும்வரை வேறு யாரும் எதுவும் எழுதக் கூடாது.

இந்த விதியை வைத்தவர் நாச்சியார். மூன்று ஆண்டுகளில் ஒருவரும் அதை மீறியதில்லை.

அன்று முதலில் வந்தவர் செல்வின்.

“ஓசூரில் மழை!!!! வண்டி எடுக்க முடியாது!!!!”

“தம்பி, ஒரு மழைக்கு எட்டு ஆச்சரியக்குறியா?” என்று ஹமீதா எழுதினார். “நாலை எனக்கு அனுப்பு. பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆணிக்குப் பதிலாக அடித்துக்கொள்கிறேன்.”

“கொண்டேன். எட்டையும் எடுத்துக்கோங்க அக்கா. டெலிவரி இலவசம்.”

அடுத்து பூதலிங்கம்.

“தேங்காய் விலை மறுபடி ஏறிவிட்டன.”

“விலை ஒருமை, அண்ணாச்சி. ஏறிவிட்டது,” என்றார் தணிகாசலம்.

“நீங்க மண்டிக்கு வந்து பாருங்க. இங்கே எல்லாம் பன்மையிலதான் ஏறுது. சரி, கொண்டேன்.”

தணிகாசலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு திருத்தத்தை அனுப்பியதும் அதை அழுத்திப் பார்ப்பார். யார் யார் படித்தார்கள் என்று போன் காட்டும். அதன் கீழே, இன்னும் படிக்காதவர் எத்தனை பேர் மீதி என்றும் காட்டும். மீதி இல்லை என்று ஆன பிறகுதான் அவர் காப்பியை எடுப்பார்.

அப்போது தையல்நாயகியின் செய்தி வந்தது. அவருக்குப் புள்ளியும் கிடையாது, காற்புள்ளியும் கிடையாது. எழுதினால் ஒரே ஓட்டம். பெரும்பாலும் உடம்பு வலிதான். முந்தின நாள் முழங்கால், அதற்கு முன் பல்.

“எல்லாருக்கும் வணக்கம் எழுந்ததுல இருந்து இடது கை மரத்து போயிருக்கு நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு கதவு உள்ள தாழ் போட்டிருக்கு எழுந்து போக முடியல யாராச்சும்”

அதோடு நின்றிருந்தது.

தணிகாசலம் உடனே எழுதினார்.

“மரத்துப் போயிருக்கு. நடுவில் ஒரு ‘ப்’ விழுந்துவிட்டது, தேடி எடுக்கவும். சீர்காழியில் முற்றுப்புள்ளியைத் தடை செய்துவிட்டார்களா?”

ஓசூரில் செல்வின் சிரித்தான். நாகர்கோவிலில் பூதலிங்கம் சிரித்தார். பிறகு எல்லாரும் ‘கொண்டேன்’ வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

பகல் முழுக்க அவர்கள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஹமீதா ஒரு வரி எழுதி, விதி நினைவுக்கு வந்து அழித்தார். மழை விட்டதும் வண்டி எடுத்த செல்வின் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பார்த்தான். மடத்தில் நாச்சியாரும் பார்த்தார். ஒருவரும் எழுதவில்லை. ஒருவரும் போன் போட்டுக் கேட்கவும் இல்லை. அவரவர் மற்ற நால்வரில் ஒருவர் கேட்டிருப்பார் என்று நினைத்தார்கள்.

மாலையில் பால்காரப் பெண் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டாள். கதவை உடைத்தார்கள். மருத்துவர் வந்து, உயிர் பிரிந்தது மதியத்துக்கு மேல் என்றார்.

அதற்குப் பிறகும் குழுவில் ஒருவரும் எழுதவில்லை. அஞ்சலிகூட எழுதவில்லை. ‘கொண்டேன்’ வராமல் எழுதக் கூடாது.

பதினாறு நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, தையல்நாயகியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

“கொண்டேன்.”

தணிகாசலம் சேலம் வண்டியைப் பிடித்தார்.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். கூடத்தில் நாச்சியார் மட்டும் இருந்தார். வெளியே மரங்கள் அசையவில்லை. அத்தனை மரம் இருந்தும் ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை.

“தண்ணீர் குடியுங்கள், அய்யா.”

தணிகாசலம் குடிக்கவில்லை. போனை நீட்டினார்.

“நானும் பார்த்தேன்,” என்றார் நாச்சியார்.

“தையல்நாயகியின் தம்பிக்குப் போன் பண்ணிக் கேட்டேன், அம்மா. அக்காவின் போன் சீர்காழி வீட்டு அலமாரியில்தான் இருக்கிறதாம். அன்றைக்கே சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டதாம். கதவைச் சரிசெய்து பூட்டி, சாவியைத் தம்பி இடுப்பில் வைத்திருக்கிறார்.”

“ம்.”

“இன்னொன்று. என் திருத்தத்தை அவர் படிக்கவே இல்லை. பதினாறு நாளும் அழுத்திப் பார்த்தேன். படித்தவர்கள் நான்கு, மீதி ஒன்று. அதுதான் எனக்கு ஒரே ஆறுதல். அந்தக் கேலியைப் படிக்காமல் போனாரே என்று.”

“இப்போது?”

“படித்தவர்கள் ஐந்து.”

தணிகாசலம் போன் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

“யார் எழுதியது அம்மா இது?”

“அதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது?”

தணிகாசலம் கீழே பார்த்தார்.

“முதலில் சந்தோஷமாக இருந்தது. முற்றுப்புள்ளி வைத்திருந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. யார் எழுதியது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.”

அவர் போனைத் தரையில் வைத்தார்.

“என் திருத்தத்தை அழித்துவிடட்டுமா? என் போனில் மட்டும்தான் அழியும். ஆனாலும்…”

“முதலில் அவர் செய்தியைப் படியுங்கள். வாய்விட்டு.”

தணிகாசலம் படித்தார். “எல்லாருக்கும் வணக்கம். எழுந்ததில் இருந்து இடது கை மரத்துப் போயிருக்கு. நெஞ்சில்…”

“அது நீங்கள் எழுதியது. அவர் எழுதியதைப் படியுங்கள்.”

மறுபடி படித்தார். இந்த முறை நிறுத்தவில்லை. வணக்கத்தில் தொடங்கி ஒரே மூச்சில் ஓடினார். கல்லு வச்ச மாதிரி என்ற இடத்தில் குரல் மெலிந்தது. தாழ் போட்டிருக்கு என்ற இடத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. யாராச்சும் என்றபோது அவரிடம் காற்று இல்லை. அடுத்த சொல்லுக்கு வாய் திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். நாச்சியார் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். இப்போது குடித்தார்.

“என்ன கேட்டிருக்கிறார்?” என்றார் நாச்சியார்.

“யாராவது வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.”

“பதில் போயிற்றா?”

“நான் திருத்தம் அனுப்பினேன்.”

“பதில்?”

“இல்லை. ஒருவரும் அனுப்பவில்லை.”

“விதி என்னுடையது,” என்றார் நாச்சியார். “திருத்துகிறவர் கொஞ்சம் காத்திருந்து எதிரில் இருக்கும் ஆளைப் பார்க்கட்டும் என்று வைத்தேன். அன்றைக்கு நானும் விதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

அவர் தரையில் இருந்த போனைத் தணிகாசலத்தின் பக்கம் நகர்த்தினார்.

“அவர் கொண்டேன் என்று எழுதிவிட்டார். இப்போது எழுதலாம்.”

“நானா?”

“கடைசியாகப் பேசியவர் நீங்கள்தானே.”

தணிகாசலம் போனை எடுத்தார். ஒரு சொல் அடித்தார். ‘வருகிறேன்’. அனுப்பும் இடத்துக்குமேல் விரல் நின்றது.

“எங்கே வருகிறேன் என்று எழுதுவது, அம்மா?”

“அவர் எங்கே வரச் சொன்னார்?”

“சீர்காழிக்கு. அந்த வீட்டுக்கு.”

“பிறகென்ன?”

“பூட்டின வீடு, அம்மா. அலமாரியில் அணைந்து கிடக்கிற போன். அதிலிருந்து…” தணிகாசலத்தின் குரல் தாழ்ந்தது. “எனக்குப் பயமாக இருக்கிறது.”

“அன்றைக்கு நம் ஐந்து பேரில் ஒருவருக்கும் பயம் வரவில்லை,” என்றார் நாச்சியார்.

தணிகாசலம் அனுப்பினார்.

நாச்சியாரின் போன் சன்னலோரம் ஒருமுறை அதிர்ந்தது. அவர் எழுந்து போய் அதைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தணிகாசலம் பழக்கத்தில் தம் செய்தியை அழுத்திப் பார்த்தார்.

நாச்சியார் படித்திருந்தார். ஹமீதா படித்திருந்தார். பூதலிங்கம், செல்வின், இருவரும் படித்திருந்தார்கள். யாரும் எதுவும் எழுதவில்லை. குழு முன்போலவே கிடந்தது.

“மீதி ஒன்று என்று காட்டுகிறது, அம்மா.”

“ம்.”

அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தின் நடுவில் விழுந்திருந்த வெயில் சுவரை நோக்கி நகர்ந்தது. தணிகாசலம் போனைக் கீழே வைப்பார், எடுப்பார். மீதி ஒன்று. மறுபடி வைப்பார். மறுபடி எடுப்பார்.

“அவர் படிக்கவில்லை, அம்மா. படித்தது தெரிந்தால் கிளம்பிவிடுவேன். இன்னும் எத்தனை நேரம் பார்ப்பது?”

“ஒன்று கேட்கிறேன், அய்யா. அன்று தையல் அக்காவும் உங்களைப்போலத் தம் செய்தியை அழுத்திப் பார்த்திருந்தால், மீதி எத்தனை என்று காட்டியிருக்கும்?”

தணிகாசலம் நினைத்துப் பார்த்தார். அன்று காலை ஆறு மணிக்கு ஐந்து பேரும் போனைக் கையில் வைத்திருந்தார்கள். செய்தி விழுந்த நிமிடமே ஐந்து பேரும் படித்துவிட்டார்கள். எழ முடியாமல் கிடந்த தையல்நாயகிக்குப் படித்தவர்களின் ஐந்து பெயரும் வரிசையாகத் தெரிந்திருக்கும்.

அவர் போனை மறுபடி எடுத்தார்.

கையில் இருந்த போனின் திரை ஒருமுறை மாறியது.

தணிகாசலம் அதைப் பார்த்தார். போனைத் தரையில் வைத்துக் குருவின் பக்கம் தள்ளினார்.

நாச்சியார் அதைக் குனிந்து பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“படித்துவிட்டார்,” என்றார். “எழுந்திருங்கள், அய்யா. நானும் வருகிறேன்.”

தரையில் போன் இன்னும் அணையாமல் இருந்தது. படித்தவர்கள் ஐந்து. மீதி பூஜ்ஜியம்.