கையெழுத்து வாரம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்குப் பந்தாட்டம் தெரியாது. பதிமூன்று வருஷம் மைதானத்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தும், ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இதில் பந்து கொஞ்சம்தான் வருகிறது. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஜெயபால், கோயம்புத்தூர் நீலக்கொடி கால்பந்துக் கழகத்தில் பின்வரிசையில் ஆடியவர். இருபத்தொரு வயதில் நீலச் சட்டை போட்டார். முப்பத்தெட்டில் கழற்றினார். நடுவில் வேறு நிறம் போடவில்லை. பகலில் லேத் பட்டறை, மாலையில் மைதானம்.

அவர் விடைபெற்ற அன்று மண்டபம் பிடித்துச் சால்வை போட்டார்கள். கண்ணாடி பதித்த ஒரு கேடயமும் கொடுத்தார்கள். 'ஒரே கொடியின் கீழ் பதினேழு ஆண்டுகள்' என்று அதில் எழுதியிருந்தது.

பந்தியில் எங்களுக்கு எதிரே வரதராசு உட்கார்ந்தார். ஒரு காலத்தில் மில் டீமுக்கு மேனேஜராக இருந்தவர்.

"ஏம்ப்பா ஜெயபாலு, இப்பவாச்சும் சொல்லு. மே மாசமானா உன்னைய எங்க ஒளிச்சு வெச்சாங்க?"

"என்னையவா?"

"கையெழுத்து வாரத்துல ஜீப் எடுத்துக்கிட்டு வருசா வருசம் வந்தேன். உங்கூட்டுல பூட்டுதான் தொங்கும். உனக்குன்னு மில்லுல ஒரு வேலையே எடுத்து வெச்சிருந்தோம்."

"அதெல்லாம் கழக ரகசியமுங்க" என்றார் பக்கத்து இலைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிறகு இலையில் ரசம் ஊற்றியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கையெழுத்து வாரம் என்றால் மே மாதத்துக் கடைசி வாரம். அந்த வாரத்தில் எந்தக் கழகத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்களோ, அந்த வருஷம் முழுக்க அங்கேதான் ஆட வேண்டும். எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து ஒன்பது வருஷம், அந்த வாரம் வந்தால் கழகம் எங்களைக் கோத்தகிரிக்கு அனுப்பிவிடும். கழகத் தலைவருடைய வீடு அங்கே இருந்தது. கூடவே இருதயராஜ் மாஸ்டர் வருவார். இவருக்குப் பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்தவர்.

அப்படி ஒரு குளிரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உருளைக்கிழங்கு உரிப்பேன். மாஸ்டர் முன்வாசல் கேட்டருகே ஒரு நாற்காலி போட்டு, நாள் முழுக்கப் பேப்பர் படிப்பார். மத்தியானம் ஆனால் இவர் சமையலறை வழியாக இறங்கி, தேயிலைக்கு நடுவே கீழ் ரோட்டுக்குப் போவார். அங்கே தோட்டத்து ஆட்களோடு பந்து விளையாடுவார். கால் பிசகிவிடுமோ என்று நான் ஜன்னலிலேயே நிற்பேன். பொழுது சாய்வதற்குள், பஸ் நிற்கும் இடத்துக் கடையில் அடுக்கடுக்காக மொறுமொறுக்கும் வர்க்கி வாங்கிக்கொண்டு ஏறி வந்துவிடுவார். மூன்று பேரும் காபியில் தொட்டுத் தின்போம்; பையன் பிறந்த பிறகு அவனுக்கும் ஒரு துண்டு. கடைசி நாள் ஊருக்கு இறங்கி, நேரே போய் நீலக்கொடிக்குக் கையெழுத்துப் போடுவார்.

அதைக் கழகம் எங்களுக்குக் கொடுத்த கல்யாணச் சீர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என்னைக் கேட்டார். "மில்லுல எப்போ டீமைக் கலைச்சாங்க?"

"நம்ம பையன் ரெண்டாவது போன வருசம்."

"நம்மள கோத்தகிரிக்கு அனுப்பறதை எப்போ நிறுத்துனாங்க?"

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அதே வருஷம்தான்.

மறுநாள் கேடயத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினார். ஏதாவது பேசிவிடுவாரோ என்று நானும் கூடவே போனேன்.

மாஸ்டர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இதைக் கழகத்துல திருப்பிக் கொடுத்துருங்க மாஸ்டர்."

"ஏன், பேரு தப்பா அடிச்சிருக்கானா?"

"மாட்டைக் கட்டிப் போட்டுட்டு, எங்கயும் போகாத நல்ல மாடுன்னு மாலை போடுவாங்களா?"

மாஸ்டர் ஒரு தண்டைக் கிள்ளித் தட்டில் போட்டார்.

"நான் விரும்பி இருந்தேனா, இல்ல நீங்க அடைச்சு வெச்சதால இருந்தேனா? அது எனக்குத் தெரியணும். தெரியாம இதை வீட்டுல மாட்ட மாட்டேன். மைதானத்துப் பக்கமும் வர மாட்டேன்."

மைதானத்துக்குப் போகாமல் அவர் எப்படி இருப்பார்?

மாஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தார். "நானா காவல் இருந்தேன்?"

"நீங்கதான்."

"சரி. ஒரு நாள் நீ எனக்குக் காவல் இரு. சாயங்காலம் கொடு, வாங்கிக்கறேன். மரகதம், நீயும் வாம்மா. எங்க ரெண்டு பேருக்கும் சோறாக்கத் தெரியாது."

தலைவர் வீட்டுச் சாவியை மாஸ்டரே வாங்கி வந்தார். பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். வீட்டில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. மற்றபடி அதே வீடு. மாஸ்டர் கேட்டருகே நாற்காலியைப் போட்டு, பேப்பரையும் கொடுத்தார்.

"உள்ளேதான் இருப்பேன். விட்டுறாதே. நான் ஓடிப்போயிட்டா அந்தக் கேடயத்தை வாங்க ஆள் இருக்காது."

"கேலி பண்ணாதீங்க மாஸ்டர்."

"கேலி இல்லப்பா. உக்காரு."

உட்கார்ந்தார். இவர் எதையும் பாதியாகச் செய்கிற ஆள் இல்லை. சாப்பாட்டைக்கூடக் கேட்டுக்கே கொண்டுவரச் சொன்னார். ரோட்டில் போன ஒவ்வொரு வண்டியையும் எழுந்து நின்று பார்த்தார்.

நாலு மணி இருக்கும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் சமையலறைக்கு வந்து, பின்கதவைத் திறந்து செருப்பைப் போட்டார்.

"எங்கீங்க மாஸ்டர்?"

"காலாற நடந்துட்டு வர்றேன்மா."

"அவர்கிட்ட சொல்லட்டுங்களா?"

"உன்னைய யாராச்சும் காவலுக்கு வெச்சாங்களா?"

போய்விட்டார். சொன்னால் மாஸ்டரைக் காட்டிக் கொடுத்தது போலாகும். சொல்லாவிட்டால் புருஷனை ஏமாற்றியது போலாகும். கீழே பஸ் ஹாரன் கேட்டது. அறுபத்தெட்டு வயது மனுஷர், பனி இறங்குகிற நேரம். ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"தண்ணி வேணுங்களா?"

"வேண்டாம். மாஸ்டர் என்ன பண்றாரு?"

"சத்தமே இல்லீங்க."

"தூங்கறாரு. வயசாயிருச்சு" என்றவர், பேப்பரைத் திருப்பிப் பிடித்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பின்கதவு திறந்தது. மாஸ்டர் செருப்பில் செம்மண். என்னிடம் காபி போடச் சொல்லிவிட்டு, முன்னறை மேஜையில் போய் உட்கார்ந்து குரல் கொடுத்தார்.

"காவல்காரரே, காபி."

இவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு வந்தார். கேடயத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"யாராச்சும் வெளியே போனாங்களா?" என்றார் மாஸ்டர்.

"ஒரு ஈ போகலைங்க."

மாஸ்டர் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, கேடயத்துக்குப் பக்கத்தில் பிரித்தார். வர்க்கி. இன்னும் சூடாக இருந்தது.

இவர் அதைப் பார்த்தார். மாஸ்டரின் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இது பஸ் ஸ்டாப்புக் கடையது" என்றார்.

"ஆமா."

"ஊருக்கு இறங்கற மேட்டுப்பாளையம் பஸ் இன்னும் அங்கேதான் நிக்குதுங்களா?"

"அரை மணிக்கு ஒண்ணு. நான் இருந்தப்ப ரெண்டு போச்சு."

இவர் எழுந்து வாசல் வரை நடந்தார். நாற்காலி கிடந்த இடத்தில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

"அங்கிருந்து பின்வாசல் தெரியலைங்க மாஸ்டர்."

மாஸ்டர் ஒரு வர்க்கியைக் காபியில் தொட்டார்.

"எனக்கும் தெரிஞ்சதில்லப்பா. ஒன்பது வருசமும் சாயங்காலம் நீ காபிக்கு வந்து உக்காந்தப்புறம்தான், இன்னைக்கும் நீ போகலைன்னு எனக்குத் தெரியும்."

இவர் கேடயத்தை மாஸ்டர் பக்கம் நகர்த்தவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

நான் எதற்கும் இருக்கட்டும் என்று கேடயத்தை எடுத்துப் போய், என் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.