மூன்றில் எது?

ரஹீமா தனியாளாக ஓர் இணையதளம் நடத்துகிறார். சுற்றுவட்டாரப் பேருந்து நேரங்களைச் சொல்லும் தளம். சிறு தளம் வைத்திருப்பவர்கள் சந்தேகம் வந்தால் அவரைத்தான் தேடி வருவார்கள்.

ஒருநாள் திருமேனி வந்தார். டயாலிசிஸ் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரக நோயாளிகள் எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று தன் தளத்தில் எழுதுகிறார். தளம் அமைக்கக் கற்றுக்கொடுத்தது ரஹீமாதான். திருமேனி வயதில் மூத்தவரானாலும் ரஹீமாவை "டீச்சர்" என்றே அழைப்பார்.

"என் தளத்துல மூணு விளம்பர நிறுவனத்தையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன் டீச்சர். ஒண்ணு நிறையப் பணம் தருது, இப்ப ஓடுறது அதுதான். ஒண்ணு சீக்கிரம் தருது. இன்னொண்ணு கம்மிதான், ஆனா எந்த விளம்பரம் வேணாம்னு நாமளே சொல்லிக்கலாம். எதை வச்சுக்கலாம்?"

"உங்க தளத்தை யாராவது படிக்கிறப்போ பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்களா அண்ணே?"

"இல்லையே. எத்தனை பேர் படிச்சாங்கன்னு எண்ணிக்கை வரும்."

"அவங்க எங்க இருப்பாங்க?"

"டயாலிசிஸ் வார்டு வாசல்ல."

ரஹீமா செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க போவோம்."

வார்டு வாசலில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். ரஹீமா தளத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தார். பேச்சியம்மாள் என்ற பெண் உடனே போனை எடுத்துக் காட்டினாள். அவள் கணவர் உள்ளே இருந்தார்.

"தெனமும் இதைப் பாத்துத்தான் சமைக்கிறேன்."

"இதை எழுதுறவர் இவர்தான்," என்றார் ரஹீமா.

பேச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "சார், நீங்களா! எங்க வீட்டுக்காரர் உசுரோட இருக்கிறதே உங்களாலதான் சார்."

திருமேனிக்குக் கண் கலங்கியது.

"நீங்க சொன்ன மருந்துக்கும் ஆர்டர் போட்டுட்டேன். நாளைக்கு வருது. இனிமே டயாலிசிஸுக்கு வர வேண்டாம்னு அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எந்த மருந்தும்மா?"

அவள் போனை நீட்டினாள். உணவுக் குறிப்புக்கு நடுவில், அதே மாதிரி எழுத்தில் ஒரு விளம்பரம். 'டயாலிசிஸ் தேவையில்லை. மூலிகையே போதும்.'

"இது நான் சொன்னதில்லைம்மா. இது விளம்பரம்."

"உங்க தளத்துலதானே சார் இருக்கு?"

திருமேனி அவள் அருகில் உட்கார்ந்தார். டயாலிசிஸை நிறுத்தினால் உடம்பு என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். அவள் பயந்துபோனாள்.

"அப்ப பார்சலை வாங்க மாட்டேன் சார். நீங்க சொன்னாச் சரிதான்."

திருமேனி அங்கேயே தன் போனை எடுத்து, அதைப் போட்ட நிறுவனத்தின் விளம்பரங்களை நிறுத்தினார்.

வெளியே வந்ததும் திருமேனி கேட்டார்: "இப்படி இருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியாது. அதான் நானும் வந்தேன்."

திருமேனி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் இவரிடம் கற்றது கொஞ்சம்தான் என்று தோன்றியது.

"மீதி ரெண்டுல எதை வச்சுக்கலாம்?"

"அந்தம்மா இன்னும் அங்கதான் உக்காந்திருக்காங்க. ரெண்டையும் போட்டு, அவங்க கையில குடுத்துப் பாருங்க அண்ணே."