கரிச்சான் வால் பிளந்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் மனிதரும் ஒரே மொழியில் சண்டை போட்ட நாளில், கரிச்சான் குருவி வெள்ளைவெளேரென்று இருந்தது. வாலில் பிளவு கிடையாது. சந்தேகம் மட்டும் அப்போதே உண்டு. மழை பெய்தால்கூட யார் கொட்டுகிறார்கள் என்று மேலே பார்க்கும்.

மாசியில் பனி ஈரம் காயும் முன்னே மலைச் சனங்கள் பந்தத்தோடு வந்து, காட்டுப் புல்லைப் பட்டை பட்டையாகச் சின்னத் தீயில் எரிப்பார்கள். அதற்கு முன் கைதட்டுவார்கள். உள்ளே ஓர் உயிரின் குரல் கேட்டாலும் அங்கே தீ வைக்கமாட்டார்கள்.

அந்த வருடம் கரிச்சான் கூடு கட்டிய வேங்கை மரத்தடிக்கு மருதி என்ற பெண் பந்தத்தோடு வந்தாள்.

"எதுக்குத் தீ?" என்றது கரிச்சான்.

"சித்திரையில பெருந்தீ வரும். திங்கப் புல்லு இல்லன்னா நின்னுடும். உன் கூடும் தப்பும், என் குடிசையும் தப்பும்."

"வராத தீக்கு இப்பவே கொள்ளியா? மரம் கருகினா வெட்டிக்கலாம்னுதானே பாக்குற?"

"உன்கிட்டப் பேசி முடியாது. நகரு."

கரிச்சான் நகர்ந்தது. புல்லுக்குள் ஒளிந்து மான்குட்டி போலக் கத்தியது. எந்தக் குரலையும் அப்படியே எடுக்கும் தொண்டை அது. மருதி திரும்பிப் போனாள். மூன்று நாள் வந்தாள், மூன்று நாளும் குட்டி கத்தியது. அதற்குள் பனி நின்று புல் காய்ந்துவிட்டது. இனி வைத்தால் தீ கைக்கு அடங்காது என்று அந்தப் பட்டையை மட்டும் விட்டுவிட்டாள்.

சித்திரையில் இடி விழுந்து பெருந்தீ கிளம்பியது. எரித்த இடங்களில் எல்லாம் நின்றது. எரிக்காத அந்த ஒரு பட்டை வழியாக வேங்கைக்கு வந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள். பயத்தில் கரிச்சானுக்குச் சொந்தக் குரல் வரவில்லை, மான்குட்டிக் குரல்தான் வந்தது.

ஓடிவந்த மருதி அண்ணாந்து பார்த்தாள். "அன்னைக்குக் கத்தினதும் நீதானா?"

அவள் பச்சைத் தழையால் தீயை அடித்தாள். கரிச்சான் புகைக்குள் பாய்ந்தது. ஒரு குஞ்சைத்தான் கொண்டுவர முடிந்தது. உடம்பெல்லாம் கரி, கண் சிவப்பு, வால் நடுவில் எரிந்து இரண்டாகியிருந்தது. மருதியின் குடிசையும் சாம்பலானது. பாவம், இருவரும் அழுதார்கள்.

அடுத்த மாசியில் மருதி பந்தத்தோடு வந்தாள்.

"இன்னைக்குக் குட்டி இருக்கா?"

"இல்ல. ஆனா நீ எவ்வளவு தூரம் எரிக்கிறேன்னு நானும் கூட வந்து பாப்பேன்."

"வா. நானும் உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

அன்று முதல்தான் காட்டில் எங்கே புகை எழுந்தாலும் கரிச்சான் முதல் ஆளாக வந்து உட்காருகிறது. மலைச் சனங்களும் மான்குட்டி கத்தினால் முதலில் மரத்தைப் பார்க்கிறார்கள், பிறகுதான் புல்லைப் பார்க்கிறார்கள்.